சாமைச் சோறும் உலக்கையும்

சிறுதானியங்களின் பெருமையைக் குறித்து இப்போது எடுத்துரைக்க வேண்டிய அவசியம் அதிகமில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அனுசரித்தது. பட்டணத்துக் கடைகளில் சாமையும் தினையும் அழகிய பைகளில் அடைக்கப்பட்டு, அரிசியினும் அதிக விலைக்கு விற்கின்றன. ஆயினும், இவற்றைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்து வந்த குடியானவர் வீட்டு அடுப்பில் இவை வேகின்றனவா என்று பார்த்தால், பல ஊர்களில் இல்லையென்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் நிலத்தில் இல்லை, விதையில் இல்லை, நாவின் ருசியிலும் அவ்வளவாக இல்லை என்பது என் அபிப்பிராயம். காரணம் உரலில் இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை மழையை நம்பிப் பயிரிட்டு உண்டு வந்தவர்கள். சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டதன் பின், அந்நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிற்று. மரவள்ளி ரொக்கம் தருகிறது. ரொக்கமின்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க இயலாது. ஆகையால் அதைப் பயிரிட்டவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் கிழங்கின் விலை குடியானவர் கையில் இல்லை. அன்றியும், சரிவு நிலத்தில் ஆண்டுதோறும் கிழங்கையே நட்டுப் பிடுங்கி வந்தால் மேல்மண் மழையில் கரைந்து போகிறது. சாமையோ, ரகத்துக்குத் தக்கபடி 80 முதல் 110 நாட்களுக்குள் வீடு வந்து சேர்வது. உமியோடு நன்கு உலர்த்திக் குதிரில் இட்டால் சில ஆண்டுகள்கூடக் கெடாமல் கிடப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் மலையூர் ஒன்றில் சாமை விதை வழங்கும் பொருட்டுக் கூட்டம் கூட்டினோம். வரிசையாக விதைப்பதாயின் ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும், களையெடுப்பதும் சுலபம் என்று நான் விஸ்தாரமாகப் பேசினேன். ஆடவர்கள் தலையசைத்தார்கள். பின்னால் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “ஐயா சொல்வதெல்லாம் சரிதான். விளைந்து வந்தால் குத்துவது யார்?” என்று கேட்டார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் விடவில்லை, தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, உரலில் சாமையை இட்டு உலக்கையை என் கையிற் கொடுத்துவிட்டார். அரைமணி நேரம் இடித்தேன். கை கொப்புளித்ததுதான் கண்ட பலன். முறத்தில் புடைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் உமியோடேயே இருந்தது. அக்குடும்பத்தின் ஒருவேளைச் சோற்றுக்கும் அது காணாது. வயல்வேலை முடிந்து வந்த பெண்கள் இதை இருவராக நின்று, இடிப்பதும் புடைப்பதுமாய்ப் பலமுறை செய்ய வேண்டும். அன்று கூட்டத்தில் நான் பேசியது முழுவதும் ஆடவர்களை நோக்கியே என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

கேழ்வரகு இன்றும் அநேக வீடுகளில் நிலைத்திருப்பதற்கு அதன் சத்து மாத்திரம் காரணமன்று. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து அதில் உண்டென்பது மெய்யே. ஆனால் போரடிக்கும்போதே அதன் மேல்தோல் கழன்று விடுகிறது. மணியை நேரே திரிகையிலோ மாவு மில்லிலோ இட்டு அரைத்துக் களி கிண்டலாம். சாமை, தினை, வரகு ஆகியவற்றின் மணியை உமி இறுகப் பற்றியிருக்கிறது. வரகின் உமி யாவற்றிலும் கடினம். நெல் அரைக்கும் பழைய மில்லில் இவற்றைக் கொட்டினால், மணி சிறிதாகையால் நொய்யே மிகுதியாகக் கிடைக்கும்.

கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து சிறுதானியப் பணியில் ஈடுபட்டு, நல்ல விதையோடு உமி நீக்கும் சிறு யந்திரங்களையும் மலையூர்களிலேயே அமைத்துப் பெண்கள் குழுக்களிடம் ஒப்புவித்தார்கள். விதையோடு யந்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தது மிகவும் பொருத்தமான காரியம்.

யந்திரத்தை உபயோகிப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தானியத்தைப் பல்லிற் கடித்தால் ‘நறுக்’கென்று ஒடியும்வரை காயவைக்க வேண்டும், ஈரமிருந்தால் உமி பிரியாது, பூஞ்சணமும் பிடிக்கும். மண்ணும் கல்லும் நீக்கி, சல்லடையால் பருமணி, சிறுமணி என்று பிரித்துத் தனித்தனியே அரைப்பது அவசியம். இதைச் செய்யாமல், “யந்திரம் சரியில்லை” என்று திரும்பிப் போனவர்கள் பலர். முதல் ஓட்டத்திலேயே உமி முழுவதும் நீங்க வேண்டுமென்று இறுக்கிப் பிடித்தால் மணி உடையும். இரண்டு ஓட்டம் விடலாம். 100 கிலோ சாமைக்கு 60 முதல் 70 கிலோ வரை அரிசி காணும். தவிட்டை வீசிவிடாமல் மாட்டுக்கும் கோழிக்கும் இடலாம்.

உமி நீங்கிய அரிசியை மாதக்கணக்கில் வைத்திருத்தல் கூடாது. தவிட்டிலுள்ள எண்ணெய்ப் பசையால் காறல் வாடை வீசும். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டு, மீதியை உமியோடே வைப்பது நலம். பட்டணத்து வியாபாரிகள் வெளுப்பாகக் கேட்கிறார்கள் என்று தவிடு போகத் தீட்டி அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நெல்லைத் தீட்டித் தீட்டிச் சத்தை இழந்தது போதாதென்று சாமையையும் அவ்வழியே கொண்டுபோவது வருந்தத்தக்கது. வீட்டுக்கு அரைப்பவர்கள் சற்று மங்கிய நிறமாகவே அரைத்துக்கொள்ளட்டும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, கொதித்தபின் தணலைக் குறைத்து மூடிவைத்தால் சோறு குழையாமல் வேகும். மொச்சைக் குழம்பு இதற்கு மிகவும் பொருந்தும்.

யந்திரம் வாங்க எண்ணும் குழுவினர் விலைப்பட்டியலைப் பார்த்து மாத்திரம் முடிவு செய்ய வேண்டாம். தங்கள் ஊரில் விளைந்த சாமையில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு, அவ்வகை யந்திரம் ஓடுமிடத்துக்கே சென்று அரைத்துப் பார்க்க வேண்டும். போகிறவர்களில் பாதிப்பேராவது வீட்டில் சாமை குத்திப் பழகிய பெண்களாக இருக்கட்டும். நொய் எவ்வளவு, உமி தங்கியது எவ்வளவு என்று முறத்திலிட்ட மாத்திரத்தில் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.