எந்த ஊருக்கும் போகாத எஞ்சின்

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போவேன். அவரை அழைத்துக்கொண்டு தேக்காவில் தோசை சாப்பிடுவது எங்கள் வழக்கம். பெரியப்பாவுக்கு வயது 86. இரண்டு ஆண்டுகளாக நினைவு தடுமாறுகிறது. என் பெயரைச் சொல்லச் சற்று யோசிப்பார். தோசைக்கு எந்தச் சட்னி வேண்டும் என்பதில் மட்டும் தடுமாற்றமே கிடையாது.

சில மாதங்களுக்கு முன் பஃப்ளோ ரோட்டில் ஒரு காய்கறி லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் நின்ற ஊழியர் ஒற்றைக் கையை அசைத்து அசைத்து அதை வரவழைத்தார். பிறகு அசைவு மெதுவானது. கடைசியில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். லாரி நின்றது. சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிதான்.

பெரியப்பா நடப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஷண்டிங் பண்றான்" என்றார்.

தன் வேலையைப் பற்றி அவராக வாய் திறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"ரயில் ஓட்டினீங்களா?"

பெரியப்பா 1950களின் இறுதியில் மலாயா ரயில்வேயில் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் யார்டில்தான் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது, "ரயில் ஓட்டினீங்களா?" என்று ஆர்வமாகக் கேட்பார்கள். "இல்ல, ஷண்டிங்" என்பார் பெரியப்பா. கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் போயிருக்கிறேன்.

ஷண்டிங் என்பது ரயிலைக் கோத்துக் கொடுக்கும் வேலை. ஒரு சரக்கு ரயில் யார்டுக்குள் வரும்போது வேகன்கள் கலந்துகிடக்கும். இது துறைமுகத்துக்கு, அது கிடங்குக்கு, இன்னொன்று பழுதுபார்க்க என்று ஒவ்வொன்றையும் பிரித்து அதனதன் தடத்தில் விட வேண்டும். திரும்பிப் போகும் ரயிலுக்கு வேண்டியவற்றை வரிசைப்படி மாட்ட வேண்டும். பயணிகள் ரயிலுக்கும் இதே கதைதான். தஞ்சோங் பகார் ஒரு முட்டு நிலையம். அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. முன்னால் வந்த எஞ்சின் முட்டுச்சந்தில் சிக்கிய கார் மாதிரி நிற்கும். அதைக் கழற்றி விடுவித்து, பெட்டிகளை ஒழுங்குபடுத்தினால்தான் ரயில் திரும்பிப் போக முடியும்.

பெரிய எஞ்சினும் இந்த வேலையைச் செய்யும். ஆனால், இதற்கென்றே பிறந்தது ஷண்டிங் எஞ்சின். அதற்கு வேகம் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து பாரத்தை மெல்ல நகர்த்தும் இழுவிசை போதும். யார்டின் கூர்மையான வளைவுகளில் திரும்ப வேண்டும் என்பதால் பெரும்பாலும் உடல் குட்டை. ஓட்டுநருக்கு முன்னும் பின்னும் தெரிய வேண்டும் என்பதால் அறையைச் சுற்றிச் சன்னல்கள். பகலெல்லாம் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். எந்த ஊருக்கும் போகாது.

இந்திய ரயில்வேயின் பழைய டீசல் வகைகளில் டபிள்யூ.டி.எஸ்.6 என்று ஒன்று உண்டு. டபிள்யூ என்றால் அகலப்பாதை, டி என்றால் டீசல், எஸ் என்றால் ஷண்டிங். அங்கே ஷண்டிங்குக்கென்றே தனி ஓட்டுநர் பதவியும் இருக்கிறது. சென்னை சென்ட்ரலும் முட்டு நிலையம்தான். அடுத்த முறை அங்கே இறங்கும்போது, காலிப் பெட்டிகள் பேசின் பிரிட்ஜ் யார்டுப் பக்கம் இழுபட்டுப் போவதைச் சற்று நின்று பாருங்கள்.

"நாங்கள் அந்த எஞ்சினைப் பார்த்ததே இல்லையே" என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பிள்ளை பார்த்திருக்கும். வில்பர்ட் ஆட்ரி எழுதி 1946-ல் வந்த தாமஸ் கதைகளில், அந்த நீல எஞ்சினின் முதல் வேலை பெரிய எஞ்சின்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பதுதான். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் கொண்டாடும் எஞ்சின், ஒரு ஷண்டிங் எஞ்சின்!

காவடி போகும் பாதையில் ரயில்

நம் ஊரில் இந்த வேலை கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. எம்ஆர்டி ரயிலுக்கு எஞ்சின் என்று தனியாக ஒன்று கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஓடும். கழற்றி மாட்ட எதுவும் இல்லை. நாம் தூங்கும் நேரத்தில் பராமரிப்பு வண்டிகளை இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போகும் சிறிய எஞ்சின்கள்தான் அந்தப் பரம்பரையின் மிச்சம்.

ஒருகாலத்தில் நிலைமை வேறு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து காவடி எடுத்து எங்கே போய்ச் சேர்கிறோம்? டேங்க் ரோட்டுக்கு. 1903 ஜனவரி 1-ஆம் தேதி சிங்கப்பூரின் ரயில்பாதை புக்கிட் தீமாவுக்குத் தொடங்கியது அதே டேங்க் ரோட்டிலிருந்துதான். அந்த ஆண்டே அது உட்லண்ட்ஸ்வரை நீண்டது. 1923-ல் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கும்வரை சரக்கு வேகன்களைப் படகில் ஏற்றி நீரிணையைக் கடக்கவைத்தார்கள். 1932-ல் பாதை திசைமாறி, தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் எழுந்தது.

அதே 1932-ல், குவீன்ஸ்வே தண்டவாளத்தின் அருகே ரயில்வே தொழிலாளர்கள் முனியாண்டிக்கு ஒரு சிறு கோயில் அமைத்தார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கம் அதுதான். தண்டவாளம் போட்டவர்கள், பாயிண்ட் மாற்றியவர்கள், கப்ளிங் மாட்டியவர்கள் ஆகியோரில் எத்தனை பேர் நம்மவர்கள் என்பதற்கு அந்தக் கோயில் ஒரு சாட்சி. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்காகப் புக்கிட் தீமாவிலிருந்து ஒரு கிளைப்பாதையும் போடப்பட்டது. அது சரக்குக்கான பாதை. சரக்கு வந்தால் ஷண்டிங்கும் வந்துவிடும்.

2011 ஜூன் 30 இரவு. தஞ்சோங் பகாரில் கடைசி ரயிலைப் பார்க்கப் பெருங்கூட்டம். பெரியப்பாவை நான்தான் அழைத்துப்போனேன். ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் எஞ்சினை ஓட்டினார். எல்லாரும் எஞ்சினைப் படம் எடுத்தோம். பெரியப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாயிண்டை யாரு போட்டா?" என்று கேட்டார். கூட்டத்தின் சத்தத்தில், "என்ன பெரியப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றார். மறுநாள் முதல் ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். மைக்குக்கு முன்னால் நடிகர்கள், பாடகர்கள், சமையல் கலைஞர்கள் என்று எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறேன். பெரியப்பாவைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்தே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். கடைசியாகப் பதிவுக் கருவியை அவர் முன்னால் வைத்து, "யார்டு வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றபோது, அவர் என்னைச் சங்கடத்தோடு பார்த்தார்.

"மறந்துபோச்சும்மா."

எட்டு வேகன், மூன்று தடம்

லாரியைப் பார்த்த அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது.

என் மகனுக்கு ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதிரி ரயில் தொகுப்பு வாங்கியிருந்தேன். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். வட்டப்பாதையில் அது சுற்றிச் சுற்றி வருவதை ஒரு வாரம் பார்த்தான். பிறகு கைப்பேசி விளையாட்டுக்குப் போய்விட்டான். நான்தான் மாட்டிக்கொண்டேன். வட்டம் எனக்கும் அலுத்தபோது, ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆர்வலர் உருவாக்கிய 'இங்கிள்நூக்' என்ற புதிரைப் பற்றிப் படித்தேன். வீவக வீட்டுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

வேண்டியவை மூன்று தடங்கள், இரண்டு பாயிண்டுகள், எட்டு வேகன்கள், ஒரு சிறிய எஞ்சின். ஒரு தடத்தில் ஐந்து வேகன் நிற்கலாம். மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சின் நிற்கும் முனையில் எஞ்சினோடு மூன்று வேகனுக்குத்தான் இடம். எட்டு வேகன்களுக்கும் சீட்டு எழுதிப் போட்டு, ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் ரயிலாகக் கோக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால், அப்படி அமையக்கூடிய ரயில்கள் 6,720. முழங்கையகலப் பலகை ஒன்றில் ஆயுளுக்கும் விளையாடலாம்.

எனக்குக் கிடைத்த எஞ்சின் ஜப்பானின் டிஇ10 மாதிரி. 1960களில் ஜப்பானிய ரயில்வே ஷண்டிங்குக்கும் கிளைப்பாதைகளுக்கும் செய்தது. இதை ஓட்டிய பிறகுதான் மெதுவாக ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. தண்டவாளத்தில் கொஞ்சம் தூசு இருந்தாலும் மின்சாரம் விட்டுவிட்டு வந்து, எஞ்சின் திக்கி நின்றுவிடும். வேகமாக ஓடும்போது இந்தக் குறை தெரியாது. ஊர்ந்து போகும்போதுதான் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் அறிவுரை இதுதான்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சீட்டுகளை எடுத்து வரிசைப்படி வைத்தேன். முதலில் சிவப்பு, அடுத்து டேங்கர், அப்புறம் பச்சை. கட்டுப்பாட்டுக் கருவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழுந்து மேசையின் மறுமுனைக்குப் போய் நின்றார். வலது கையைத் தூக்கினார்.

எனக்குப் புரியச் சற்று நேரமானது. அவர் ஓட்டுநர் இல்லை. ஓட்டுநர் நான்.

கை அசைந்தது, எஞ்சினை நகர்த்தினேன். கை மெதுவானது, எனக்கோ வேகன் மீதுதான் கண். டமால் என்று இடித்தேன்.

"வேகனைப் பாக்காதே. கையைப் பாரு" என்றார். குரலில் ஓர் அதட்டல். எனக்குத் தெரிந்த பெரியப்பாவின் குரல் அல்ல அது. "தொடணும். இடிக்கக்கூடாது."

நிஜ யார்டில் ஓட்டுநருக்கு ரயிலின் வால் தெரியாது. அங்கே வேகன்களுக்கு அருகில் ஒரு மனிதர் நிற்பார். அவருடைய கொடியை, இரவில் கைவிளக்கை நம்பித்தான் பல டன் எடை நகரும். ஓட்டுநர் ஒரு நொடி கவனம் தப்பினால் அடிபடப்போவது அந்த மனிதர்தான். "இல்ல, ஷண்டிங்" என்று கல்யாண வீடுகளில் அவர் சொன்ன இரண்டு சொற்களுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

நான் தனியாக அரைமணி நேரம் தடுமாறும் புதிரை அவர் கையசைவிலேயே முடித்தார். ஒரு நகர்வுகூட வீணாகவில்லை. எந்த வேகனை எங்கே ஒதுக்கினால் பின்னால் வழி மறிக்காது என்பதை, என் பெயர் மறந்துபோகும் அந்த மனம் முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தது.

இது அதிசயக் கதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடித்ததும் அவர் வாசல் பக்கம் பார்த்தார். "மத்தவங்க டியூட்டிக்கு வரலையா?" என்று கேட்டார். மூன்று பேரின் பெயரைச் சொன்னார். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் பஞ்சாபி, ஒருவர் நம்மவர். எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத பெயர்கள். "வருவாங்க பெரியப்பா" என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பெயர்களை மட்டும் உடனே எழுதி வைத்துக்கொண்டேன்.

பழைய தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னம். அதன் முகப்பில் நிற்கும் நான்கு சிலைகளும் பத்திரமாக இருக்கும். புக்கிட் தீமா நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022 முதல் நம் பிள்ளைகள் ஓடி விளையாட இருக்கிறது. கட்டடம் காத்திருக்கும். அங்கே வேலை பார்த்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் துறைமுகத்தில், அச்சகத்தில், பொதுப்பணியில் இருந்த ஒரு தாத்தாவோ பெரியம்மாவோ இருந்தால், கேள்வி கேட்டுப் பாருங்கள். "மறந்துபோச்சு" என்றால் கேள்வியை விட்டுவிட்டு, அவர்கள் கையாண்ட பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பதிவுக் கருவியை மேசை ஓரத்தில் வைக்கிறேன். வானொலிக்கு ஆகாத பதிவு அது. பெரும்பாலும் அமைதி, இடையிடையே கப்ளிங் மாட்டும் 'டக்' சத்தம், எப்போதாவது, "மெதுவா... மெதுவா... போதும்."

போன வாரம் என் மகனும் வந்திருந்தான். எஞ்சினை அவன்தான் ஓட்டினான். நான்கு முறை இடித்தான். நான்கு முறை திட்டு வாங்கினான். கிளம்பும்போது கேட்டான்: "அம்மா, அடுத்த வாரமும் நான் வரலாமா?"