துணியில் எவ்வளவு ஓட்டை இருக்கலாம்?

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியிருக்கிறோம்.)

பஸ்ல கேட்டுட்டு இருக்கீங்கன்னா இதை வீட்டுக்குப் போய் செஞ்சு பாருங்க. பழைய டி-ஷர்ட் ஒண்ணை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிங்க. வெளிச்சம் புள்ளி புள்ளியா தெரியும். நாம துணின்னு சொல்றது பாதி நூல், பாதி ஓட்டை. உடுத்துற துணியைப் பத்திப் பேசும்போது நூலைப் பத்தித்தான் பேசுவோம்: காட்டனா, பட்டா, எத்தனை கவுண்ட். ஆனா டெக்னிக்கல் டெக்ஸ்டைல்ஸ்னு ஒரு பெரிய உலகம் இருக்கு. அழகுக்காகவோ மானத்துக்காகவோ இல்லாம, ஒரு வேலையைச் செய்யறதுக்காகவே தயாரிக்கிற துணிகள். அங்கே இன்ஜினியர்கள் மண்டையை உடைச்சுக்கறது பெரும்பாலும் ஓட்டையைப் பத்தித்தான். எது உள்ளே போகணும், எது போகக்கூடாது? இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

முதல்ல ரோட்டுக்கு அடியில போவோம். களிமண் நிலத்துல ரோடு போடறாங்கன்னு வச்சுக்கோங்க. மண்ணு மேல ஜல்லி கொட்டி ரோலர் விடறாங்க. மழை பெய்ஞ்சு மண் இளகினதும், லாரி போகப் போக ஜல்லி மண்ணுக்குள்ள இறங்கும், சேறு ஜல்லிக்குள்ள ஏறும். ரெண்டு மழைக்காலத்துல ரோடு பள்ளம். இதைத் தடுக்க மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல ஒரு துணியை விரிப்பாங்க. அதுதான் ஜியோடெக்ஸ்டைல். பார்க்கறதுக்கு முரட்டுக் கம்பளி மாதிரி இருக்கும். நெய்யறது இல்ல. பாலிப்ரோப்பிலீன் இழைகளைப் பரப்பி, முள்ளு வச்ச ஊசிகளால ஆயிரக்கணக்கான தடவை குத்திக் குத்தி ஒண்ணோட ஒண்ணு சிக்க வைப்பாங்க.

இந்தத் துணி தண்ணியை விடணும், மண்ணை விடக்கூடாது. ஓட்டை பெருசா இருந்தா மண் கசிஞ்சு போயிடும். ரொம்பச் சின்னதா இருந்தா மண்துகள் அடைச்சுக்கும், தண்ணி போக வழியில்லாம தேங்கும். தாங்கு சுவருக்குப் பின்னாடி அப்படித் தேங்கினா, சுவரையே தள்ளிச் சாய்க்கிற அளவுக்கு அழுத்தம் வரும். அதனால ஓட்டையை அளக்கணும். எப்படி அளக்கறாங்கன்னு படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. துணியை ஒரு வளையத்துல கட்டி, மேல சின்னக் கண்ணாடி மணிகளைப் போட்டு, சல்லடை மாதிரி ஆட்டுவாங்க. எந்த அளவு மணியில 100க்கு 5 மட்டும்தான் கீழே விழுதோ, அதுதான் அந்தத் துணியோட ஓட்டை அளவு. நம்ம பாட்டி மாவு சலிச்ச அதே டெக்னிக், கையில ஒரு ஸ்டாண்டர்ட் புத்தகத்தோட.

தென்னை நார்லயும் இந்தத் துணி உண்டு. கிராமச் சாலைத் திட்டத்துல கயிறு ஜியோடெக்ஸ்டைலைப் பயன்படுத்த 2020ல மத்திய அரசு அனுமதிச்ச மாநிலங்கள் பட்டியல்ல தமிழ்நாடும் இருக்கு. நார் மக்கிடுமேன்னு கேப்பீங்க. மக்கும். ஆனா தென்னை நார்ல லிக்னின் அதிகம், அதனால மெதுவாத்தான் மக்கும். சரிவான மண்மேட்டுல விரிச்சா, அது மக்கறதுக்குள்ள புல் வேர் பிடிச்சிடும். அதுக்கப்புறம் மண்ணைப் பிடிச்சு வைக்கிற வேலையை வேர் பார்த்துக்கும்.

அடுத்தது உடம்புக்குள்ள. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல மைக்கேல் டிபேக்கின்னு ஒரு அறுவை சிகிச்சை நிபுணர். 1950களோட ஆரம்பத்துல, பலூன் மாதிரி வீங்கின ரத்தக்குழாயை வெட்டிட்டு அந்த இடத்துல எதை வைக்கறதுன்னு தேடிட்டு இருந்தார். நைலான் துணி வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனார். ஸ்டாக் இல்ல. புதுசா டாக்ரான்னு ஒண்ணு வந்திருக்குன்னு காட்டினாங்க. வாங்கிட்டு வந்து, மனைவியோட தையல் மெஷின்ல குழாய் மாதிரி தைச்சுப் பார்த்தார். சின்ன வயசுல அம்மாகிட்ட தையல் கத்துக்கிட்டவர். 1954ல அந்த மாதிரிக் குழாயை நோயாளிக்குப் பொருத்தினார். டாக்ரான்னா வேற ஒண்ணுமில்ல, பாலியஸ்டர்தான். தண்ணி பாட்டில் செய்யற அதே பிளாஸ்டிக் குடும்பம். நைலான் உடம்புக்குள்ள போனா நாளாக ஆக பலம் குறையும்னு அப்புறம் தெரிய வந்தது. அன்னைக்குக் கடையில நைலான் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இங்கேயும் சிக்கல் ஓட்டைதான். ரத்தம் கசியக்கூடாதுன்னா நெருக்கமா நெய்யணும். ஆனா சுத்தியிருக்கிற திசு அந்தச் செயற்கைக் குழாயைப் பிடிச்சு வளரணும்னா இடைவெளி வேணும். பின்னல் துணியில இடைவெளி இருக்கு, ஆனா ரத்தம் ஒழுகும். டாக்டர்கள் கண்டுபிடிச்ச வழி அழகானது. பொருத்தறதுக்கு முன்னாடி நோயாளியோட ரத்தத்தையே அந்தத் துணியில ஊற்றி உறைய விடுவாங்க. ஓட்டையை அவரோட ரத்தமே அடைச்சுக்கும். அப்புறம் மெல்ல மெல்ல திசு வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். இப்போ அந்த வேலைக்கு ஜெலட்டின் இல்லேன்னா கொலாஜன் பூசின குழாய்களே கிடைக்குது. அந்தப் பூச்சு உடம்புக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுடும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2020. ஆஸ்பத்திரியில டாக்டர், நர்ஸ் எல்லாம் வெள்ளை நிறத்துல தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு கவரால் போட்டுக்கிட்டு இருந்தது ஞாபகம் இருக்கா? பிபிஇ கிட். அந்த வருஷ ஆரம்பத்துல அந்தத் தரத்துல இந்தியாவுல தயாரிப்பு கிட்டத்தட்ட இல்லை. மே மாசம் அரசு சொன்ன கணக்கு, ஒரு நாளைக்கு 4.5 லட்சம் உடைகளுக்கு மேல. அதுல திருப்பூர் யூனிட்களும் இருந்தன. பனியன் தைச்ச கைகள் ஒரே மாசத்துல கவரால் தைக்க ஆரம்பிச்சாங்க.

தைக்கத் தெரிஞ்சா போதாதான்னு தோணும். போதாது. அங்கேதான் கோயம்புத்தூர் வருது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சுருக்கமா சிட்ரா. நாடு முழுக்க தயாரிப்பாளர்கள் அனுப்பின சாம்பிள்களை டெஸ்ட் பண்ணின முக்கியமான லேப் அதுதான். ஒரு துண்டுத் துணியை இறுக்கிப் பிடிச்சு, ஒரு பக்கம் செயற்கை ரத்தத்தை வைப்பாங்க. சிவப்புச் சாயம் போட்ட திரவம். நிஜ ரத்தம் எவ்வளவு சுலபமா துணியில பரவுமோ அதே அளவுக்கு இதுவும் பரவற மாதிரி தயாரிச்சது. அப்புறம் படிப்படியா அழுத்தம் ஏத்துவாங்க. மறுபக்கம் ஒரு சொட்டு தெரிஞ்சாலும் ஃபெயில். கோவிட் சமயத்துல இந்தியா கேட்டது 3.5 கிலோபாஸ்கல் அழுத்தம் வரைக்கும் தாங்கணும்னு. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் உயரத் தண்ணியைத் துணி மேல நிறுத்தி வச்ச மாதிரி.

இப்போ முக்கியமான இடம். துணி பாஸாகலாம், உடை ஃபெயிலாகலாம். ஏன்? தையல் ஊசி. ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. ஒரு இன்ச்சுக்கு 10 தையல், மொத்தத் தையல் நீளம் 8 மீட்டர்னு வச்சாலே மூவாயிரம் ஓட்டைக்கு மேல. எங்க வேலையில ஒவ்வொரு மாட்யூலும் டெஸ்ட்ல பச்சை காட்டும், ரெண்டையும் இணைச்ச இடத்துல புரொடக்‌ஷன் விழும். கதை அதேதான். அதனால தையல் மேல ஒரு டேப்பை வச்சு, சூடான காற்றால உருக்கி ஒட்டணும். ரெயின்கோட்டை உள்பக்கமா திருப்பிப் பாருங்க, தையல் மேல பட்டையா தெரியும். ஓவர்லாக் மெஷின் வரிசையா வச்சிருக்கிற பனியன் கம்பெனிக்கு இந்த ஒட்டற மெஷின் எதுக்கு? யார்கிட்டயும் பெரிசா இல்லை. டேப்புக்கும் தட்டுப்பாடு. வெள்ளையா, நீட்டா, டேப் இல்லாம தைச்ச கவரால் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. அதைப் போட்டுக்கிட்டு ரத்தம் தெறிக்கிற இடத்துல நிக்கிற நர்ஸுக்கு அந்தக் குறை தெரிய வரும்போது ரொம்ப லேட்.

அப்போ ஓட்டையே இல்லாம பிளாஸ்டிக் ஷீட்ல தைச்சா? சென்னை வெயில்ல ஆறு மணி நேரம் போட்டுப் பாருங்க, வேர்வையிலேயே மயக்கம் வரும். நல்ல கவரால்ல ஒரு மெல்லிய பிலிம் ஒட்டியிருக்கும். பாலிஎத்திலீன்ல சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து பிலிமா இழுப்பாங்க. இழுக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுத்தியும் பிளாஸ்டிக் லேசா கிழியும். அந்தக் கிழிசல் வழியா நீராவி வெளியே போகும், திரவம் உள்ளே வர முடியாது. குழந்தைங்க டயப்பரோட வெளிப்பக்கமும் பெரும்பாலும் இதே டெக்னிக்தான்.

கடைசியா மாஸ்க். என்னைக் கேட்டா, இந்த வரிசையிலேயே பெரிய புத்திசாலித்தனம் இதுலதான். என்95 மாஸ்க்கைக் கிழிச்சா நடுவுல பஞ்சு காகிதம் மாதிரி ஒரு லேயர். பேரு மெல்ட்ப்ளோன். உருக்கின பாலிப்ரோப்பிலீனை நுண்ணிய துளைகள் வழியா விட்டு, சூடான காற்றை வேகமா அடிச்சா இழை 1 முதல் 5 மைக்ரானுக்கு மெலிஞ்சு வலை மாதிரி படியும். தலைமுடி சுமார் 70 மைக்ரான். இந்த ஆராய்ச்சியை 1950கள்ல ஆரம்பிச்சது அமெரிக்கக் கடற்படையோட லேப். அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் காற்றுல மிதக்கிற துகளைப் பிடிக்க.

ஆனா இழைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, பிடிக்க வேண்டிய துகளை விடப் பெருசு! சல்லடையா மட்டும் வேலை செஞ்சா நிக்காது. பெரிய துகள் காற்றோட வளைஞ்சு போக முடியாம நேரா இழையில மோதி ஒட்டிக்கும். ரொம்பச் சின்னத் துகளைக் காற்று மூலக்கூறுகள் இடிச்சு இடிச்சுத் தள்ளறதால அது குடிகாரன் மாதிரி தள்ளாடி எங்கேயாவது மோதிடும். நடுவுல, 0.3 மைக்ரான் பக்கம் இருக்கறதுதான் நைஸா தப்பிக்கும். அதனாலதான் டெஸ்ட் அந்த அளவுல வைக்கிறாங்க. அதுல 95 சதவீதத்தைப் பிடிச்சா என்95. அந்த 95ஐ எட்டறதுக்கு இழைகளுக்கு நிரந்தரமா மின்னூட்டம் ஏத்துவாங்க. டென்னசி பல்கலைக்கழகத்துல பீட்டர் சாய் 1990கள்ல காப்புரிமை வாங்கின முறை இதுல ரொம்ப முக்கியமானது. சீப்பைத் தலையில தேய்ச்சா பேப்பர் துண்டு ஒட்டுமே, அது மாதிரி துகளை இழுத்துப் பிடிக்கும். ஓட்டையைச் சின்னதாக்காமலே பிடிக்கிறதால மூச்சு விடவும் முடியுது.

சானிட்டைசர் அடிச்சா, ஸ்பிரிட்ல துடைச்சா அந்த மின்னூட்டம் போயிடும். சோப்பும் கெடுக்கும். மாஸ்க் பளிச்சுனு இருக்கும், வேலை பாதிதான் செய்யும்.

இது கோவிட்டோட முடிஞ்ச கதை இல்ல. உங்க அபார்ட்மென்ட்ல டைல்ஸ் வேலை நடக்கும்போது பார்த்திருப்பீங்க, கட்டர் பிடிச்சிருக்கிற அண்ணன் மூஞ்சியில ஒரு துண்டு கட்டியிருப்பார். கிரானைட், கான்கிரீட், டைல்ஸ் வெட்டற தூசியில சிலிக்கா இருக்கு. கண்ணுக்குத் தெரியற தூசி பெரும்பாலும் மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். 4 மைக்ரானும் அதுக்குக் கீழேயும் இருக்கறது நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போய்ச் சேரும். அங்கே தழும்பு விழும். சிலிகோசிஸ். வந்தா திரும்பாது, குணமாக்க மருந்து இல்லை. துண்டோட நூல் இடைவெளி அந்தத் துகளை விடப் பல மடங்கு பெரிசு, அதுல மின்னூட்டமும் கிடையாது. அவருக்கு அது ஒரு தைரியம், அவ்வளவுதான்.

வேலை கொடுக்கிறது நீங்கன்னா ரெண்டு விஷயம் கேளுங்க. வெட்டும்போது தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க. தூசி கிளம்பற இடத்துலயே அடங்கும். அப்புறம் மாஸ்க் வாங்கிக் கொடுங்க. பாக்கெட்ல ஐஎஸ் 9473ன்னு எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கான்னு பாருங்க. தலைக்குப் பின்னாடி போற ரெண்டு பட்டி இருக்கறது, காதுல மாட்டறதை விட நல்லா ஒட்டும். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு மூச்சு விடச் சொல்லுங்க. கண்ணாடியில ஆவி படிஞ்சா, காற்று துணி வழியா வராம ஓரத்துல இருக்கிற ஓட்டை வழியா வருது.