பக்கத்து காலி நிலம் 'வணிகப் பகுதி' ஆகிறதா? நில வகைப்பாடு மாற்றம் எப்படி நடக்கிறது, நாம் எப்போது கேள்வி கேட்கலாம்?

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே சின்ன எழுத்தில் ஒரு விளம்பரம் வரும். ஒரு கிராமத்தின் பெயர், நாலைந்து சர்வே எண்கள், நிலத்தின் பரப்பு. 'விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்ற விண்ணப்பிக்கப்பட்டுள்ளது; ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம்' என்று இருக்கும். பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த இடத்தில் ஜேசிபி வந்து நிற்கும்போதுதான், "இது மழைத் தண்ணி போற வழியாச்சே, யாரு பர்மிஷன் குடுத்தாங்க?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான நேரம், அந்தச் சின்ன விளம்பரம் வந்த நாட்களோடு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

நில வகைப்பாடு என்றால் என்ன?

சென்னைப் பெருநகரில் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை முடிவு செய்வது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. மற்ற மாவட்டங்களில் இந்த வேலையை நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) கவனிக்கிறது.

சி.எம்.டி.ஏ.வின் கையில் இருக்கும் முக்கிய ஆவணம், 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான். 1,189 சதுர கி.மீ. பரப்புக்கும் அதில் வரைபடம் உண்டு. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு வகைக்குள் வரும். குடியிருப்புப் பகுதியில் சின்னக் கடையோ டாக்டர் கிளினிக்கோ வைக்கலாம். தொழிற்சாலை கட்ட முடியாது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

வகையை எப்படி மாற்றுகிறார்கள்?

மாஸ்டர் பிளான் கல்வெட்டு அல்ல. நகரம் வளரும்போது வகையும் மாறலாம். அதற்கு வழி தருவது இதே சட்டத்தின் 32(4) பிரிவு.

நில உரிமையாளர் பட்டா, பத்திரம், வரைபடத்தோடு சி.எம்.டி.ஏ.விடம் விண்ணப்பிப்பார். பொதுமக்களின் கருத்தைக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும். அதிகாரிகள் இடத்தைப் பார்வையிடுவார்கள். வெள்ளம் தேங்கும் இடமா, நீர்வழிப் பாதை உண்டா என்பதற்கு நீர்வளத் துறை, வருவாய்த் துறை போன்றவற்றின் கருத்தையும் கேட்பார்கள். சுற்றிலும் என்ன கட்டடங்கள் இருக்கின்றன, சாலை எவ்வளவு அகலம் என்பதும் கணக்கில் வரும்.

பிறகு கோப்பு தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். அதன் பரிந்துரை, துறை அமைச்சர் தலைமையிலான குழுமக் கூட்டத்தில் வைக்கப்படும். ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வெளியானால், மாஸ்டர் பிளானே அந்தச் சர்வே எண்களுக்கு மட்டும் திருத்தப்பட்டதாக ஆகிவிடும்.

இதில் மக்களுக்கு எங்கே இடம்?

விளம்பரத்தில் சொல்லும் நாட்களுக்குள் மட்டும்தான். வகை மாறிய பிறகு வரும் திட்ட அனுமதி, கட்டட அனுமதி ஆகிய கட்டங்களில் அக்கம்பக்கத்தாரிடம் கருத்து கேட்டு விளம்பரம் வராது. விதிப்படி வரைபடம் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எதிர்க்க வேண்டுமென்றால் நீதிமன்றமோ பசுமைத் தீர்ப்பாயமோதான் வழி. செலவும் அலைச்சலும் அதிகம்.

ஒரு மனை மாறினால் என்ன ஆகிவிடும்?

ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்தால் ஒன்றும் ஆகாது போலத்தான் தோன்றும். "சுத்தி எல்லாம் வீடாயிடுச்சு, இது மட்டும் ஏன் விவசாய நிலம்?" என்ற வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால், இன்று மாறிய மனை நாளைய விண்ணப்பத்துக்கு 'சுற்றியுள்ள வளர்ச்சி' என்ற ஆதாரமாகிவிடுகிறது.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. வகைப்பாடு மாற்றம் மட்டும் இதற்குக் காரணமில்லை. பெருங்குடி குப்பைக் கிடங்கும், அரசு நிறுவனங்களின் கட்டடங்களும், சாலைகளும் சதுப்பு நிலத்துக்குள் வந்தன. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. அப்படியும் அதன் எல்லையை ஒட்டிக் கட்டடம் கட்டலாமா என்ற பிரச்சினை 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பகுதியின் சர்வே எண்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால், அந்த நிலம் எந்த வகை என்பதை சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். தெருப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படித்தால் எந்த இடம் என்றே புரியாது.

அடுத்து, ஆட்சேபனையை எழுத்தில் கொடுங்கள். 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, ஆதாரத்தோடு ஒரே ஒரு கடிதம் வலுவாக நிற்கும். 2015, 2023 வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் நின்ற படங்கள், புல வரைபடத்தில் காட்டியிருக்கும் வாய்க்கால், சாலையின் உண்மையான அகலம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால், "அப்பவே சொன்னோம்" என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026ஐ இலக்காக வைத்துப் போடப்பட்டது. மூன்றாவது திட்டத்துக்கான வேலைகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. தனித்தனி மனைகளுக்காகப் பேப்பரைத் துழாவுவதைவிட, முழு நகரத்துக்குமான வரைபடம் கருத்துக்கு வைக்கப்படும்போது நம்ம ஏரியா எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது சுலபம். ஏரியும் வாய்க்காலும் அந்த வரைபடத்தில் இடம்பெறாமல் விட்டுப்போனால், அடுத்த இருபது வருஷம் ஒவ்வொரு விளம்பரமாகத் தேடிப் போராட வேண்டியிருக்கும்.