பழைய எந்திரத்தைப் படித்தல்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகச் செல்லும் வழியில் உள்ளது திருவொற்றியூர். பழம்பெரும் சிவத்தலமாகிய இவ்வூரில் 1956இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை, புல்லட் மோட்டார் சைக்கிள்களை உருவாக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரிலிருந்து வந்த பாகங்களே முதலில் இங்குப் பூட்டப்பட்டன. 1948இல் இத்தாலியில் நடைபெற்ற பன்னாட்டு ஆறுநாள் போட்டியில் வாகை சூடிய பிரித்தானிய அணியில் இருவர் ஓட்டியவை, இவ்வண்டியின் முன்மாதிரிகளே ஆகும்.

அக்காலத்துப் புல்லட் ஒன்றைப் புதுப்பிக்க முனைவோர் பலர், முதலில் வண்ணம் பூசும் இடத்தைத் தேடுகின்றனர். இது பெரும்பிழை. சட்டகத்தில் மறைந்துள்ள விரிசலை வண்ணம் மூடிவிடும். வண்டி விரையும்போது அவ்விடம் முறிந்தால் ஓட்டுநரின் உயிருக்கே கேடு நேரும். ஆகவே, ஆய்வே முதற்பணி.

கழுவுவதற்கு முன்பே ஆய்வு தொடங்கிவிடுகிறது. எண்ணெய் கசிந்த தடமும் துரு வழிந்த கோடும் பழுதின் இருப்பிடத்தைக் காட்டும். கடற்காற்றில் நெடுநாள் நின்ற வண்டியின் குழாய்களை உப்பீரம் உள்ளிருந்தே அரித்திருக்கலாம். பின்னர், இரு சக்கரங்களின் பக்கவாட்டில் நூல் பிடித்து, சட்டகம் கோணியுள்ளதா எனக் காண்பர்; கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போன்றதே இது. குழாய்கள் கூடும் இணைப்புகளைத் துலக்கிச் சிவப்புச் சாயம் தடவுவர். சிறிது நேரம் கழித்து, மேற்பரப்பில் உள்ள சாயத்தைத் துடைத்துவிட்டு வெண்பூச்சு இடுவர். கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருப்பின், அதனுள் புகுந்திருந்த சாயம் வெளிப்பட்டுச் செங்கோடாகத் தோன்றும்.

எந்திரத்தில் கருத்துடன் நோக்கத்தக்கது சிலிண்டர் ஆகும். 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். இவற்றிலிருந்து கொள்ளளவு ஏறத்தாழ 346 கன சென்டிமீட்டர் எனக் கணக்கிடலாம். வார்ப்பிரும்பாலான இச்சுவர் எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. இணைப்புத் தண்டு சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் முன்சுவரையும் பின்சுவரையும் மிகுதியாக அழுத்துகிறது. வட்டம் மெல்ல நீள்வட்டமாகிறது. மேற்பகுதியிலோ வெப்பம் மிகுதி, எண்ணெய் குறைவு. ஆதலின் தேய்மானமும் அங்கேதான் மிகுதி. பிஸ்டன் வளையம் எட்டாத இடம் தேயாமல் விளிம்பாக எஞ்சும். அதனை நகத்தால் தடவியே உணரலாம். எனினும், விரலின் சான்று போதாது. மேல், நடு, கீழ் ஆகிய மூன்றிடங்களிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் நுண்ணளவி கொண்டு அளந்து குறித்தல் வேண்டும்.

தேய்மானம் மிகுந்திருப்பின் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் பொருத்துவர். அரை மில்லிமீட்டர் கடைந்தால் கொள்ளளவு ஏறத்தாழ 351 ஆகும். வேறுபாடு சிறிதே, ஆனால், நீக்கிய உலோகம் மீளாது. அதனோடு, அவ்வெந்திரம் இயங்கிய விதத்தைக் காட்டிய தேய்மானத் தடங்களும் அழிந்துபோகும். கடைவதற்கு முன்பே அளவுகளை எழுதிவைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சட்டகத்திலும் எந்திரத்திலும் பொறித்த எண்களை உரிமச் சான்றுடன் ஒப்பிடுவதும் இவ்வாய்வின் பகுதியே. எண்கள் பொருந்தாவிடில், எந்திரம் இடையில் மாற்றப்பட்டிருக்கக்கூடும். கவனமுள்ள பணியாளர் அதனையும் ஏட்டில் பதிந்து, கழற்றிய பழைய பாகங்களுக்குச் சீட்டுக் கட்டி உரிமையாளரிடமே ஒப்படைப்பார்.