கூதலுக்குச் சாக்கு அடைக்கும் முன்...

மார்கழி பிறந்தால் பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து லயங்களில் ஒரே வேலைதான். உரச்சாக்கு, பழைய படங்கு, கிழிந்த கம்பளி என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து ஓட்டை அடைப்பது. அடைக்கத்தான் வேண்டும். பச்சைப்பிள்ளையும் வயசான ஆத்தாவும் படுக்கிற காம்பராவில் வாடைக்காற்று புகுந்தால் விடிய விடிய இருமல்தான். ஆனால் எந்த ஓட்டையை அடைப்பது, எதை விட்டு வைப்பது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

போன தை மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி முழுவதும் சாக்கால் இறுக்கி அடைத்திருந்தது. உள்ளே விறகு அடுப்பு. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் தலையிடி, பிள்ளைக்கு வாந்தி. "தடிமன்தான் ஐயா" என்றார்கள். சாக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாரையும் இஸ்தோப்பில் உட்கார வைத்தோம், பிறகு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம்.

விறகோ கரியோ காற்றுப் போதாமல் எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் எழும்பாமலே போய்விடலாம். கரிச்சட்டியைக் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது வேண்டவே வேண்டாம்.

சூடான புகை மேலே போகும். குளிர்காற்று கதவடியாலும் காற்றடிக்கிற பக்கத்தாலும் வரும். ஆகவே கீழே அடையுங்கள், மேலே வழி விடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவு நிலை, ஜன்னல் ஓரமாகப் பிடித்தால், புகை உள்பக்கம் சாய்கிற இடம்தான் காற்று வருகிற இடம். கதவடிக்குப் பழைய காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, மணலோ மரத்தூளோ நிரப்பித் தைத்துப் போடுங்கள். பலகை வெடிப்புக்குக் கோதுமைமாப் பசையும் பழைய பத்திரிகையும் போதும். உடைந்த ஜன்னலுக்குப் பொலித்தீன் அடிக்கும்போது ஓரத்தில் சீலைத்துண்டை மடித்து வைத்து ஆணி அடித்தால் கிழியாது. அடுப்புப் பக்கம் மட்டும் பொலித்தீனும் சாக்கும் கூடாது, தீப்பிடிக்கும்.

மேலே விடுகிற வழி, காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று. ஆனி, ஆடியில் ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், அப்போது மாற்றி அடைக்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் எதிர்ப்பக்கம் அடுத்த வீடுதானே, அங்கே அடுப்புக்கு மேலே உள்ள இடைவெளியைத் தொடவே கூடாது.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலையிடி, மயக்கம் என்றால் முதலில் எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

குளிர் போனதும் பொலித்தீனைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் வெளியே போகாமல் சுவர் பூத்துப்போகும். தகரமே ஓட்டை என்றால் அதற்குச் சாக்கு மருந்தில்லை. தோட்ட ஆபீசுக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சிரமம் என்றால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.