செத்த மீனுக்குப் படம் காட்டினார்கள்!

செத்துப்போன மீன் ஒன்றுக்குப் படம் காட்டினார்கள். அதன் மூளை வேலை செய்வதாகக் கணக்கு சொன்னது!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் நடந்த உண்மைச் சம்பவம்.

கிரேக் பென்னட் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சால்மன் மீனைக் காந்த ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்தார்கள். மீனின் நீளம் ஒன்றரை அடி. உயிர் கிடையாது. மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். "படத்தில் உள்ளவர் மனதில் என்ன உணர்ச்சி?" என்று கேள்வியும் கேட்டார்கள்!

மீன் பேசவில்லை. ஆனால், 8 ஆயிரத்து 64 இடங்களைச் சோதித்ததில் 16 இடங்கள் வேலை செய்வதாகக் கணக்கு காட்டியது. அவற்றில் சில, மூளைக்குள்ளேயே இருந்தன!

பூவா, தலையா?

இது எப்படி நடந்தது?

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே பிராண வாயு நிறைந்த ரத்தம் அதிகம் பாயும். அந்த மாறுதலை இயந்திரம் அளக்கும். ஆனால், ஒன்றும் நடக்காதபோதும் அளவு கொஞ்சம் ஏறி இறங்கும்.

ஒருவர் காசைச் சுண்டுகிறார். 10 தடவையும் தலையே விழுகிறது. ஆச்சரியம்தான்! ஆயிரம் பேர் சுண்டினால் ஒருவருக்குத்தான் அப்படி விழும். ஆனால், 8 ஆயிரம் பேர் சுண்டினால்? ஏறக்குறைய 8 பேருக்கு விழுந்துவிடும். அது அவர்களுடைய திறமை அல்ல, தற்செயல்!

மீன் விஷயமும் இதுதான். ஆயிரக்கணக்கான இடங்களைச் சோதித்தால் சில இடங்கள் பொய்யாக மின்னும்.

மருந்து என்ன?

சோதனைகள் பெருகப் பெருக, அளவுகோலையும் கடுமையாக்க வேண்டும். நூற்றுக்கு 5 தவறு வரை பொறுக்கலாம் என்றால், அந்த அளவை 8 ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அதாவது, தற்செயலாக 1 லட்சத்து 60 ஆயிரத்தில் ஒரு தடவையே நேரக்கூடியதாக இருந்தால்தான் நம்பலாம். இது ஒரு முறை. வேறு முறைகளும் உண்டு.

பென்னட் குழுவினர் இத்தகைய திருத்தக் கணக்குகளைப் போட்டார்கள். மீனின் புள்ளிகள் எல்லாம் மறைந்தன!

திருத்தம் செய்யாமலே பல ஆராய்ச்சிகள் வெளிவந்த காலம் அது. 2009-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் மாநாட்டில் இந்த மீன் கணக்கை வைத்து அவர்கள் எச்சரித்தார்கள். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான "இக் நோபல்" பரிசு, 2012-ம் ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்தது.

உயிர் சம்பந்தப்பட்டது

இது வெறும் வேடிக்கை அல்ல. மூளையில் கட்டி உள்ளவருக்கு ஆபரேஷன் செய்யும் முன், பேச்சுக்குரிய பகுதி எது என்று இதே வகை ஸ்கேன் மூலம் டாக்டர்கள் பார்ப்பது உண்டு. பொய்ப் புள்ளியை நம்பினால் கட்டியை முழுவதும் எடுக்காமல் விட நேரலாம். அளவுகோலை மிகவும் கடுமையாக்கி, மெய்ப் புள்ளியைத் தவறவிட்டால் நோயாளியின் பேச்சே போகலாம். இரண்டு பக்கமும் ஆபத்து!

"காதலுக்கு மூளையில் இடம் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். "எத்தனை இடங்களில் தேடினார்கள்? அதற்கு ஏற்ப கணக்கைத் திருத்தினார்களா?" என்று கேளுங்கள்.