மேசை ரம்பம் வாங்குமுன் அறையை அளப்போம்

மரவேலையைப் பொழுதுபோக்காக மேற்கொண்டுள்ள வாடிக்கையாளர்கள் பலரை நாம் அறிவோம். பணி ஓய்வுக்குப் பின் தொடங்கியவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உளியைத் தொடுகிறவர்களும் உண்டு. கைரம்பமும் இழைப்புளியும் துளையிடும் கருவியும் சேர்ந்த பிறகு, இவர்களின் கண் அடுத்து மேசை ரம்பத்தின் மீது விழுகிறது. வீட்டுப் பட்டறைக்கு வாங்கும் கருவிகளில் பெரும்பாலும் இதுவே விலை மிகுந்தது. ஆபத்தும் இதில்தான் அதிகம். ஆகவே, இதற்கான செலவைச் சற்று நிதானித்துச் செய்வது நல்லது.

நம் நாட்டுத் தச்சர்கள் பலர், கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைப் பிளைவுட் பலகையின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, மேசை ரம்பமாகப் பயன்படுத்துகின்றனர். சில ஆயிரம் ரூபாயில் முடியும் ஏற்பாடு இது. நாள்தோறும் மரத்தோடு பழகிய கைகள் அதைச் சமாளிக்கலாம். ஆயினும் அதில் காப்பு மூடியோ, மரம் திரும்பி உதைப்பதைத் தடுக்கும் தகடோ இருப்பதில்லை. பொழுதுபோக்காளர்களுக்கு இந்த ஏற்பாட்டை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

கடைக்குச் செல்லுமுன் அளக்க வேண்டியது அறையை. முழு பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 மில்லிமீட்டருக்கு 1220. அதை நீளவாக்கில் அறுக்க, வட்டத்தகட்டுக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் வெற்றிடம் வேண்டும். மொத்தம் 16 அடிக்கும் மேல். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள அத்தாளின் எடையோ 30 கிலோவைத் தாண்டும். பத்தடி அறையின் நடுவில் ரம்பத்தை வைத்தால், ஏறத்தாழ 4 அடி நீளத்துக்கு மேற்பட்ட எதையும் அதில் அறுக்க இயலாது. ரம்பத்தை வாசலுக்கு நேராக வைத்து, கதவைத் திறந்துகொண்டால் இன்னும் சில அடி கிடைக்கும்.

இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால், விளம்பரங்கள் பெரிதாகக் காட்டும் ஓர் எண்ணின் மதிப்பு சட்டெனக் குறைந்துவிடுகிறது. வட்டத்தகட்டிலிருந்து 600 மில்லிமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் அறுக்கலாம் என்பது பெரிய ரம்பங்களின் பெருமை. தாளைச் சரிபாதியாகப் பிளக்க 610 மில்லிமீட்டர் வேண்டும் என்பதால் அது கவர்ச்சியாகவும் தோன்றும். ஆனால் தாளைத் திருப்பவே இடமில்லாத அறையில் அந்த வசதிக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? பிளைவுட் வாங்கும் கடையிலேயே அளவு சொல்லிப் பெரிய துண்டுகளாக அறுத்து வாங்கிக்கொள்ளலாம். தில்லி கீர்த்தி நகர் போன்ற மரச் சந்தைகள் உள்ள ஊர்களில் இதற்குச் சிரமம் இராது. இறுதி அளவுக்குக் கொண்டுவரும் வேலை மட்டுமே நம் ரம்பத்துக்கு மிஞ்சும்.

தகட்டின் விட்டத்திலும் இதே நிலைதான். 254 மில்லிமீட்டர் தகடு செங்குத்தாக ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் ஆழம் அறுக்கும். 210 அல்லது 216 மில்லிமீட்டர் தகடு 65 முதல் 70 வரை அறுக்கும். புத்தக அலமாரி, பூசைமாடம், சிறு மேசை, குழந்தைக்கான நாற்காலி ஆகியவற்றில் 50 மில்லிமீட்டரைத் தாண்டும் கட்டை அரிதாகவே வரும். சிறிய தகட்டுக்கு மாற்றுத் தகடுகளின் விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால், தகட்டின் நடுத்துளை 25.4 மில்லிமீட்டரா, 30 மில்லிமீட்டரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அளவில் உள்ளூரில் தகடு கிடைக்காவிட்டால், முதல் தகடு மழுங்கிய நாளில் இயந்திரம் மூலைக்குப் போய்விடும்.

அகலத்திலும் விட்டத்திலும் மிச்சமான பணத்தை எதில் செலவிடலாம் என்றால், ஃபென்ஸ் எனப்படும் வழிகாட்டிச் சட்டத்தில் என்போம். மரம் இச்சட்டத்தை ஒட்டியே தகட்டை நோக்கி நகர்கிறது. கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, சட்டத்தை 300 மில்லிமீட்டரில் நிறுத்திப் பூட்டுங்கள். தகட்டின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் சட்டம் வரையுள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு சட்டத்தை நகர்த்தி மீண்டும் பூட்டி அளந்து பாருங்கள். மூன்று முறை செய்தாலும் அளவு மாறக் கூடாது. பல்சக்கரத்தால் இருமுனையும் ஒன்றாக நகரும் சட்டங்கள் இச்சோதனையில் பெரும்பாலும் தேறும். மும்பை நாக்தேவி தெருவிலோ தில்லி சாவ்டி பஜாரிலோ இதற்கு முகம் சுளிக்கும் கடைக்காரர் இருந்தால், அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கும்.

இதில் துல்லியத்தை விடவும் பெரிய ஒன்று அடங்கியுள்ளது. சட்டத்தின் பின்முனை தகட்டை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தாலும் மரம் நடுவில் நெருக்குண்கிறது. அப்போது தகட்டின் பின்புறத்தில் மேலெழும் பற்கள் அதைக் கவ்வி, நிற்பவரை நோக்கி வீசுகின்றன. நிமிடத்துக்கு 4,800 முறை சுழலும் 254 மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரத்தோடு கையும் இழுபட, கண்ணிமைக்கும் நேரம் போதும். இதைத் தடுக்கவே தகட்டின் பின்னால் ரைவிங் நைஃப் என்னும் மெல்லிய தகடு நிற்கிறது. அது அறுபட்ட பிளவுக்குள் நுழைந்து மரம் மூடிக்கொள்ளாமல் காக்கிறது. தகட்டை ஏற்றி இறக்கும்போது கூடவே ஏறி இறங்குகிறது. இது இல்லாத ரம்பத்தை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

விரல் பட்டவுடன் 5 மில்லி விநாடிக்குள் தகட்டை நிறுத்தும் நுட்பம் அமெரிக்காவின் சாஸ்டாப் நிறுவனத்தின் ரம்பங்களில் உண்டு. நம் கடைகளில் வழக்கமாகக் காணும் சிறிய ரம்பங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே தள்ளுகோல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துண்டு, வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, கையுறை ஆகிய எதுவும் தகட்டின் அருகே வரலாகாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். 1500 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் இதற்குப் போதாது. 16 ஆம்பியர் இணைப்பும் நல்ல எர்த்தும் வேண்டும். அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ அங்கிருந்து அனுப்பும் ரம்பம் 120 வோல்ட்டுக்கானது. அதற்குப் பெரிய மின்மாற்றி தேவைப்படும். உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதும் ஐயமே. அன்பளிப்பு என்றாலும் கணக்குப் பார்த்தே ஏற்க வேண்டியது!

மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலக சுகாதார அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தூளுறிஞ்சியும் முகக்கவசமும் செலவுப் பட்டியலில் முதல் நாளே இடம்பெற வேண்டும். காதடைப்பானும் அப்படியே, சிறிய ரம்பங்களின் மோட்டார் உரத்து அலறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர் அண்டை வீட்டாரிடம் நேரம் பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

இனி பணம். வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்பைக் கண்டால், ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. கைவிட்டுப் போகும் ரொக்கத் தள்ளுபடியில் அவ்வட்டி மறைந்திருக்கக்கூடும். கடன் அட்டைத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு.

காப்பீட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்துள்ள வாடிக்கையாளர்கள், ரம்பத்தால் நேரும் எந்தக் காயத்துக்கும் அது போதும் எனக் கருதக்கூடும். விபத்தில் ஒரு கை முழுவதுமாகப் பயனற்றுப் போனால் அதில் ஒரு லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு விரல் போனால் அதில் இழப்பீடு இல்லை. தனிநபர் விபத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் எந்த விரலுக்கு எத்தனை விழுக்காடு எனத் தனிப் பட்டியல் இருக்கும். பாலிசி எடுக்குமுன் அப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.